பெட்டிக்குள் ஒரு புதன்கிழமை

அந்த வீட்டில் காலையில் எழுந்ததும் செய்கிற முதல் வேலை தேதியைச் சரிசெய்வது. முன்னறை மூலையில் இருக்கிற கம்ப்யூட்டரின் சுவிட்சைப் போட வேண்டும். அது இருமி, கனைத்து, சாவகாசமாகக் கண்விழிக்கும். விழித்ததும், ராத்திரியோடு வியாழனுக்கு நகர்ந்துவிட்ட அதன் தேதியைப் பிடித்து ஒரு நாள் பின்னால் தள்ளி, வருஷக்கணக்குக்கு முந்தைய ஒரு பழைய புதன்கிழமையில் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். பல் தேய்ப்பது, டீ போடுவது எல்லாம் அதற்கப்புறம்தான்.

காரணம் இருக்கிறது. அந்த வீட்டுக்காரன் எம்பிராய்டரிக்காரன். பள்ளிக்கூடச் சட்டைகளில் சின்னம், ஆஸ்பத்திரி அங்கிகளில் பெயர், தலையணை உறையில் பூ என்று மெஷினில் போட்டுக் கொடுப்பது தொழில். மெஷினுக்கு எங்கே குத்த வேண்டும், எங்கே நூலை மாற்ற வேண்டும் என்று சொல்வது கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு சாஃப்ட்வேர். அது, கொஞ்ச நாள் ஓட்டிப்பார்த்துவிட்டுப் பிடித்தால் வாங்கிக்கொள்ளச் சொல்லி ஓசியில் விட்ட சரக்கு. ஓட்டிப்பார்க்கிற நாட்கள் முடிந்தால் வாயை மூடிக்கொள்ளும். அதை ஏற்றிக்கொடுத்த சிநேகிதன், "உண்மையான தேதி அதுக்குத் தெரியாத வரைக்கும் ஓடும்டா. மூடிக் கிடந்தாலும் உள்ளேர்ந்து தேதியைப் பாத்துக்கிட்டேதான் இருக்கும். ஒரே ஒரு தடவை தெரிஞ்சுபோச்சு, அப்புறம் நீ குட்டிக்கரணம் போட்டாலும் திறக்காது" என்று எச்சரித்துவிட்டுப் போனான். அதைத் தயாரித்த கம்பெனியும் பிறகு கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. இனி வாங்கலாம் என்றாலும் விற்பதற்கு ஆள் கிடையாது. ஆகவே அந்தப் பெட்டிக்குள் எப்போதும் புதன்கிழமை, சாஃப்ட்வேரை ஏற்றிய அந்த ஒரே நாள்.

வெளியே மட்டும் வருஷங்கள் போய்க்கொண்டிருந்தன.

அவன் மனைவியைத் தெருவில் எல்லாரும் டிப்போக்காரி என்பார்கள். பஸ் டிப்போவில் வேலை. நாளைக்கு எந்த டிரைவர் எந்த பஸ்ஸை எந்த ரோட்டில் ஓட்டுவது என்று பட்டியல் போடுகிறவள் அவள்தான். பட்டியல் சாயங்காலத்துக்குள் டிப்போ சர்வரில் ஏறாவிட்டால் மறுநாள் காலையில் டிரைவர்கள் எல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவள் இப்போது பிள்ளையுண்டாகியிருந்தாள். இதற்கு முன்னால் இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் தங்கவில்லை. இந்தத் தடவை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "படுத்தே இருக்கணும். முக்கியமா அந்த பஸ்ஸும் வேண்டாம், அந்த ரோடும் வேண்டாம். ஒரு குலுக்கல் போதும், அப்புறம் என்னைக் கேக்காதே."

லீவு எல்லாம் முன்னே இரண்டு தடவையும் தீர்ந்துபோயிருந்தது. வேலையை விட்டுவிடலாம் என்றால், அவள் காட்டிவரும் ஆஸ்பத்திரியே டிப்போக்காரர்களுக்கான ஆஸ்பத்திரி. வேலை போனால் டாக்டரம்மாவும் போவாள். டிப்போ மேலாளர் நல்ல பெண்மணிதான். ஆனாலும் அவளுக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்களே. "உன் வீட்டுக் கம்ப்யூட்டரை நம்ம சர்வர்ல பதிஞ்சு விடச் சொல்லியிருக்கேன். அந்த ஒண்ணுதான், வேற எதுலேர்ந்தும் நுழைய முடியாது. நாளைக்கு நாலு மணிக்குள்ள வீட்லேர்ந்தே பட்டியலை ஏத்திக் காட்டு. ஏத்திட்டா பிரசவம் வரைக்கும் நீ வீட்லயே இருக்கலாம். ஏறலைன்னா மறுநாள் டிப்போவுக்கு வந்துடணும்மா, என்னால முடிஞ்சது இவ்வளவுதான்" என்றாள்.

அந்த 'நாளைக்கு'தான் இன்றைக்கு.

காலையிலிருந்து தூறல். மழை என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, காற்றே ஈரமாக ஆகிவிட்ட மாதிரி ஒரு நாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடுகூடக் கொஞ்சம் கரைந்துதான் தெரிந்தது. கட்டிலை முன்னறைக்கே இழுத்துப் போட்டிருந்தார்கள். அவள் இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்க, தலையணைமேல் போன், போனிலிருந்து ஒரு குரல். டிப்போவின் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் ஆள் எங்கேயோ வெகுதூரத்தில் உட்கார்ந்து பேசினார். பஞ்சை வாயில் அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி மெத்தென்ற, அவசரமே இல்லாத குரல். அவருக்கு லைன்காரர் என்று அதற்குள் பெயர்வைத்தாகிவிட்டது. கம்ப்யூட்டர் முன்னால் எம்பிராய்டரிக்காரன். நடுவில் நின்று எல்லாவற்றையும் இரண்டாம் தடவை உரக்கச் சொல்வதற்கு அவன் தங்கை. அவள் பேக்கரியில் விடியற்காலை வேலை முடித்து, முழங்கை மாவைக்கூடக் கழுவாமல் வந்து நின்றிருந்தாள்.

"அம்மா, நான் அனுப்பின புரோகிராமைத் திறந்தாச்சா?" என்றது போன்.

"அண்ணா, திறந்தாச்சான்னு கேக்கறாரு."

"எனக்கும் காது இருக்கு. திறந்தாச்சு சார்."

"இப்ப 'இணை'ன்னு ஒரு பட்டன் இருக்கும், அதை ஒரே ஒரு தடவை அழுத்துங்க சார். ஒரு தடவைதான்."

அழுத்தினான். ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றிச் சுற்றி, கடைசியில் சிவப்பாக ஒரு பெட்டி. இணைக்க முடியவில்லை.

"முடியலையாம்" என்றாள் தங்கை, இழவுச் செய்தி சொல்கிறவள் மாதிரி.

"பரவால்லம்மா. இது பழைய கம்ப்யூட்டர் இல்லையா, கொஞ்சம் பிகு பண்ணும். வயர் கழண்டிருக்கான்னு பாருங்க."

வயரைப் பார்த்தார்கள். பாஸ்வேர்டைத் திரும்ப அடித்தார்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் ஒரு நட்சத்திரம் என்று லைன்காரர் சொல்ல, தங்கை சொல்ல, அண்ணன் இரண்டு விரலால் தேடித் தேடி அடித்தான். அணைத்துப் போட்டார்கள். அது மறுபடி இருமிக் கனைத்து எழுந்திருப்பதற்குள் தங்கை டீயே போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். கூடவே பேக்கரியிலிருந்து கொண்டுவந்த ரொட்டியும், ஒரு அவித்த முட்டையும்.

"அண்ணி, முட்டையைச் சாப்பிடுங்க. நீங்க சாப்பிட்டாத்தான் அதுவும் சாப்பிடும்."

"எது, கம்ப்யூட்டரா?"

"ஆமா, அதுக்கு ஒரு முட்டை குடுத்தாலும் தேவலை. மூஞ்சியைப் பாருங்க, கோவிச்சுக்கிட்ட மருமகன் மாதிரி."

போனுக்குள்ளும் யாரோ சிரித்தார்கள். லைன்காரர்தான். "சிரிக்கறீங்களா தம்பி? உங்க ஊர்லயும் மழையா?" என்று கேட்டாள் டிப்போக்காரி.

"இங்க வெயில் கொளுத்துதும்மா. ஃபேன் சத்தம் கேக்குதா?"

கேட்டது. தூரத்து ஊரின் வெயிலும் ஃபேனும் இந்தத் தூறலுக்குள் வந்து சுற்றின. அவளுக்குக் கண் சொக்கியது. இந்த மாதங்களில் தூக்கம் எப்போது வரும், எப்போது போகும் என்று அவளுக்கே தெரிவதில்லை. ஆனால் தூங்கினாலும் பயம் தூங்கவில்லை. நாளைக்கு அந்த ரோடு. பாலத்துக்கு முன்னால் உள்ள பள்ளம், ரயில்வே கேட்டில் ஏறி இறங்குகிற தூக்கல், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். போன தடவை அந்தப் பள்ளத்தில்தான் அடிவயிற்றில் முதல் வலி வந்தது. கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"சார், இன்னொண்ணு" என்றது போன். "கம்ப்யூட்டர்ல தேதி, நேரமெல்லாம் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு சார்" என்றான் எம்பிராய்டரிக்காரன்.

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் வேடிக்கை. காலையில் எழுந்ததும் அவனே தன் கையால் சரிசெய்த தேதி. அந்த வீட்டில் சரியான தேதி என்றால் அந்தப் புதன்கிழமைதான், வேறு தேதி கம்ப்யூட்டரில் தெரிந்தால்தான் பதறுவார்கள். பக்கத்தில் நின்ற தங்கையும், "அதெல்லாம் காலையிலயே பார்த்தாச்சு" என்று ஒத்து ஊதினாள். வார்த்தை வாயைவிட்டுப் போன பிறகுதான் அவனுக்குச் சுருக்கென்றது. தங்கையைப் பார்த்தான். தங்கை ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான், மெஷினைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்படின்னா நான் எங்க பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன். லைன்லயே இருங்கம்மா" என்றார் லைன்காரர். ஒரு மெல்லிய இசை ஆரம்பித்தது, ஒரே மெட்டு, முடிகிற இடத்திலேயே திரும்பத் தொடங்கிவிடுகிற மெட்டு.

அவள் தூங்கிப்போனாள். தூங்கவில்லை என்றும் சொல்லலாம். தூறல் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அது வேறு ஒரு நாளின் மழை. அவனும் அவளும் மானிட்டரைப் போர்வையில் சுற்றி ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வாசலில் நுழைகிறார்கள். இரண்டுபேரும் தொப்பலாக நனைந்திருக்கிறார்கள், போர்வைக்குள் இருந்தது மட்டும் நனையவில்லை. "பிள்ளையைத் தூக்கிட்டு வர்ற மாதிரியில்ல தூக்கிட்டு வர்றோம்" என்கிறான் அவன், அவள் சிரிக்கிறாள், சிரிப்பில் பிடி நழுவப்பார்க்கிறது. வீட்டில் ஒரு பாயும் ஒரு ஸ்டவ்வும்தான். அவன் சிநேகிதன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எதையோ ஏற்றிக்கொண்டிருக்கிறான். திரையில் முதல்முதலாக ஒரு பூ வருகிறது, சிவப்பு நூலில். கனவுக்குள்ளேயே அவளுக்கு ஒன்று தெரிகிறது. இந்த அறையில் இன்னும் எதுவும் நடக்கவில்லை. முதலாவதும் வரவில்லை, போகவில்லை. இரண்டாவதும் வரவில்லை, போகவில்லை. அவள் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறாள், தட்டையாக இருக்கிறது. அப்படியானால் இப்போது இருப்பது? இதுவும் இங்கே இல்லையே. எங்கே விட்டுவிட்டு வந்தேன்? கதவைத் தேடுகிறாள்.

திடுக்கிட்டு விழித்தபோது கன்னமெல்லாம் ஈரம். இசை நின்று லைன்காரரின் குரல் பேசிக்கொண்டிருந்தது.

"...சர்வர் ஒரு அடையாள அட்டை காட்டும் சார், 'நான்தான் டிப்போ சர்வர்'னு. அதுல இந்தத் தேதியிலேர்ந்து செல்லும்னு போட்டிருக்கும். உங்க கம்ப்யூட்டர் அதை ஏத்துக்க மாட்டேங்குது. அங்கதான் சிக்கல். ஏன்னுதான் தெரியல. இன்னொரு தடவை முயற்சி பண்ணலாமா?"

"பண்ணலாம் சார்" என்றான் அவன். குரலில் சுரத்தே இல்லை.

"என்னங்க" என்றாள் அவள்.

அவன் திரும்பவில்லை.

"என்னங்க, அந்தப் பெட்டிக்குள்ள இன்னைக்கு என்ன தேதி?"

தங்கையின் கையில் இருந்த டம்ளர் டக்கென்று மேஜையில் உட்கார்ந்தது. "ஐயையோ" என்றாள். எம்பிராய்டரிக்காரன் முகத்தில் ஈயாடவில்லை.

"புதன்கிழமை" என்றான் கடைசியில்.

"தம்பி, ஒரு நிமிஷம் இருங்க" என்று போனிடம் சொல்லிவிட்டு அவள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அவர் கேட்டப்பத் தெரியல. சத்தியமா தெரியல. பதில் சொன்னப்புறம்தான்..."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

"சொல்லாம இருந்தா? நாளைக்கு என்னை பஸ்ஸுல ஏத்திவிட்டிருப்பீங்களா? கையசைச்சு வழியனுப்பியிருப்பீங்களா?"

"அடிப்பாவி, அப்படி நினைப்பேனா? வேற வழி ஏதாவது வந்துடாதான்னு பார்த்தேன். அவர் எதையாவது கண்டுபிடிச்சுட மாட்டாரான்னு..."

"அவர் கண்டுபிடிக்க வேண்டியதை நீங்க மடியில கட்டிவச்சிருந்தா அவர் எங்கேர்ந்து கண்டுபிடிப்பார்?"

கோபத்தில் போர்வையை உதறித் தள்ளினாள். இத்தனை வருஷத்தில் இவனை இப்படிப் பேசியதில்லை. பேசின பிறகு மெஷினைப் பார்த்தாள். ஊசிகள் வரிசையாக நின்றிருந்தன. பாதியில் நிற்கிற ஒரு மஞ்சள் பூ. அவன் போட்ட பூக்கள், கொடிகள், சின்னங்கள் எல்லாம் அந்த சாஃப்ட்வேருக்குள்தான் இருக்கின்றன, அது வாயை மூடினால் அத்தனையும் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். டவுனில் பெரிய எம்பிராய்டரிக் கடையில் வேலை பார்த்தவன் அவன். முதலாளியோடு சண்டை போட்டு, இனி ஒருத்தன் கீழே கைகட்டி நிற்கமாட்டேன் என்று வந்தவன். இந்த முன்னறைதான் அவன் நிமிர்ந்து நிற்கிற இடம்.

கோபம் கரைந்து வேறு ஏதோ வந்தது. "மாத்த வேண்டாம்ங்க" என்றாள். "ஜாக்கிரதையாப் போயிட்டு வர்றேன். முன்சீட்ல உக்காந்துக்கறேன். தலையணை வச்சுக்கறேன்."

"அண்ணி!" என்றாள் தங்கை.

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, திரையிடம் சொல்வதுபோலச் சொன்னான். "மெஷினுக்காக மட்டும் இல்ல. உனக்குச் சொன்னா சிரிப்பே. தினம் காலையில அந்தத் தேதியைப் போடறப்போ ஒரு நிமிஷம் ஒண்ணுமே நடக்கலைன்னு இருக்கும். யாரும் போகலைன்னு. அந்த ஒரு நிமிஷம் எனக்கு நல்லா இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. தான் மட்டும்தான் அந்த இரண்டையும் சுமந்துகொண்டு திரிவதாக இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இவன் ஒரு வார்த்தை பேசாமல் தினமும் விடியற்காலையில் எழுந்து அவற்றை இல்லாமல் ஆக்கிவிட்டு டீ போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். எழுந்துபோய் அவன் தோளில் கைவைக்க வேண்டும்போல் இருந்தது. டாக்டரம்மா எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"ஆனா பாரு" என்றான் அவன், "அங்க இதுவும் இல்லையே." அவள் வயிற்றைப் பார்த்துத்தான் சொன்னான்.

தேதிப் பெட்டியைத் திறந்தான். பழைய கம்ப்யூட்டர், வருஷத்தை ஒரேயடியாக மாற்றத் தெரியாது அதற்கு. பக்கத்தில் மேல்நோக்கி ஒரு சின்ன அம்பு, ஒரு அழுத்துக்கு ஒரு வருஷம். அழுத்தினான். தங்கை வாயில் கைவைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வருஷமாக ஏறியது. தங்கை பேக்கரியில் சேர்ந்த வருஷம், கூரை ஒழுகிய வருஷம். ஒரு வருஷத்தில் அவன் விரல் நின்றது. அவளுக்குத் தெரிந்தது எந்த வருஷமென்று. மறுபடி அழுத்தினான். இன்னொரு வருஷத்திலும் நின்றது, முன்னதைவிட அதிக நேரம். ஜன்னல்பக்கம் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஏறி, ஏறி, இந்த வருஷத்துக்கு வந்து, மாதத்தை மாற்றி, நாளை மாற்றி, 'சரி' என்ற பட்டனை அழுத்தினான்.

"தம்பி" என்றாள் அவள் போனைப் பார்த்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "தேதிதான் தப்பா இருந்துச்சு. மாத்தியாச்சு."

"நினைச்சேம்மா. பழைய தேதியில இருந்தா அந்த அட்டையைப் பார்த்து, இது இன்னும் பிறக்கவே இல்லையேன்னு தள்ளிவிட்டுடும். எத்தனை நாள் பின்தங்கி இருந்துச்சு?"

மூன்றுபேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கொஞ்சம் அதிகம்தான் தம்பி" என்றாள்.

'இணை' என்பதை அவன் ஒரே ஒரு தடவை அழுத்தினான். வட்டம் சுற்றியது. சுற்றுவது நின்றது. டிப்போவின் பச்சைத் திரை, ரூட் எண்களும் பஸ் எண்களுமாக, அந்த முன்னறையில் வந்து விரிந்தது.

"உள்ள வந்துட்டீங்கம்மா, இங்க தெரியுது" என்றார் லைன்காரர். "உடம்பைப் பார்த்துக்குங்க." வெயிலும் ஃபேன் சத்தமும் அவரோடு போய்விட்டன.

தங்கை மேஜையைக் கட்டிலோரம் நகர்த்தினாள். வயர் எட்டாததால் அதன் சிக்கைப் பிரித்து நீட்டி, அதற்கு அண்ணனைத் திட்டி, ஒருவழியாக அண்ணியின் கைக்கு கீபோர்டு வந்தது. அதற்குமுன் அவன் ஓரமாக ஒரு தடவை தன் சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்தான். சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வந்தது. உங்கள் காலம் முடிந்துவிட்டது. படித்துவிட்டு, தூங்குகிற பிள்ளையின் அறைக்கதவைச் சாத்துகிற மாதிரி மெதுவாக மூடினான். மெஷின்மேல் துணியைப் போர்த்தினான். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

அவள் பட்டியல் போட்டாள். கை தானாக ஓடியது. காது வாசலில் இருந்தது. தூறலுக்குள் அவன் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. "ஆமாங்க... நான்தாங்க... சரிங்க... தப்புதாங்க..." நடுவில் வெகுநேரம் பேச்சே இல்லை, எதிர்ப்பக்கம் மட்டும் பேசிக்கொண்டிருந்திருக்க வேண்டும். வேலை முடியப்போகிற சமயத்தில் தலை நனைந்து உள்ளே வந்தான்.

"யார்கிட்டப் பேசினீங்க?"

"கடைக்காரர்கிட்ட."

"எந்தக் கடைக்காரர்?"

"எனக்கு எத்தனை கடைக்காரர் இருக்காங்க? டவுன்காரர்தான்."

"அந்தாள் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். அவரும் அதைத்தான் சொல்லிக் காட்டினார். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். திட்டி முடிச்சுட்டு, ஒரு மெஷின் சும்மாதான் கிடக்கு, நாளைக்கு முதல் பஸ்ஸுல வந்து சேருன்னார்."

"தினம் அந்த ரோட்டுல போயிட்டு வரணுமே" என்றாள். வேறு எதுவோ சொல்லத்தான் வாயெடுத்தாள், வந்தது இதுதான்.

அவன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான். "உன்னைத்தானே குலுங்கக்கூடாதுன்னு சொன்னாங்க டாக்டரம்மா. என்னைச் சொல்லலையே. நான் குலுங்கலாம்."

சொல்லிவிட்டு நாளைக்குப் போட்டுக்கொண்டு போகச் சட்டை தேட உள்ளே போனான். தங்கை இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

அவள் பட்டியலை ஏற்றப்போனவள் நிறுத்தினாள். தங்கள் ஊர் ரோட்டில் ஓடும் முதல் பஸ்ஸைப் பார்த்தாள். அதற்கு நாளைக்கு முறைப்படி வந்திருந்தவர் உரல் என்று டிப்போவில் பெயரெடுத்த டிரைவர். பள்ளம் மேடு பார்க்காமல் இடித்துக்கொண்டு போகிற மனிதர். இத்தனை வருஷ வேலையில் கெஞ்சினவர்கள் உண்டு, பிறந்தநாள், தலைவலி, மச்சான் கல்யாணம் என்று காரணம் சொன்னவர்கள் உண்டு. ஒருவருக்காகவும் அவள் முறை மாற்றினதில்லை. டிப்போவில் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றுகூடச் சொல்வார்கள்.

உரலின் பெயரை எடுத்து நெடுஞ்சாலை பஸ்ஸில் போட்டாள். அந்த இடத்தில் இன்னொருவர் பெயரைப் போட்டாள். அவரை டிப்போவில் தாலாட்டு என்பார்கள். பள்ளத்தில் பஸ் இறங்குவதே தெரியாது, பாலத்தைத் தாண்டுவதற்குள் பயணிகளில் பாதிப்பேர் உறங்கிவிடுவார்கள். ஏற்று என்றதும் சர்வர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. உள்ளே துணி சூடாகிற வாசனை வந்தது. நாளைக் காலையில் அவன் தூங்கிக்கொண்டே போகலாம்.